மேஜை இல்லாத மாஸ்டருக்கு

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. உங்கள் கம்பெனி உங்களை "நலத் தூதர்" ஆக்கிய நாளிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டுகிறது. ஆகவே, இங்கு அனைவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சண்டை போடுகிறோம் என்று தெரிந்துகொள்ளவும்.

நீங்கள் போய்ச் சேர்ந்த இடம் லாரி அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. டயர் குடோனுக்கு மேலே இருக்கும் தன் அறையில் படுத்திருக்கிறீர்கள் என்றார். பக்கத்தில் இருந்தவரைக்கும் நண்பர்களே வேண்டாம் என்று இருந்தவர், இப்போது ஒரு நாள் பயண தூரத்தில் இருக்கும் நண்பரைத் தேடிப் போயிருக்கிறீர்கள். போனை அணைத்து வைத்துவிட்டீர்களாம். சரி. கடிதத்தை அணைக்க முடியாது. பிரிக்காமல் போட்டாலும் அது தலைமாட்டில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் மாத்திரை. அலமாரியில் சட்டைகளுக்குப் பின்னால் டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. சீப்பை எடுத்துப் போயிருக்கிறீர்கள். ஷூ பாலிஷைக்கூட எடுத்துப் போயிருக்கிறீர்கள். மாத்திரையை மட்டும் மறந்தீர்களா? மறந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டுவிடுவேன். வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போயிருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. வருடக்கணக்கில் ஒரு வேளை தவறாமல் போட்டுத்தானே, சோதனையில் தேடினாலும் எச்.ஐ.வி. கிருமி அகப்படாத அளவுக்குக் கொண்டுவந்தீர்கள்? அதை இந்த அற்பர்களுக்காகக் கெடுத்துக்கொள்வதா? லாரி அண்ணனிடம் டப்பாவைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவர் கண்ணெதிரில் போடுங்கள்.

நடந்ததை எல்லாம் நீங்கள் என்னிடம் அரைகுறையாகத்தான் சொன்னீர்கள். மீதியை உங்கள் மேஜையில் வெட்டிய துணிக்கு நம்பர் ஒட்டும் அக்கா வீட்டுக்கு வந்து சொன்னார். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

கம்பெனி மருத்துவ முகாமில் எடுத்த ரத்தத்தின் முடிவு உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். மேனேஜர் கைக்குப் போனது. அதற்கு முன்பு இதே ரத்தத்தோடுதான் அந்த மேஜையில் நின்று அத்தனை வருடம் துணி வெட்டினீர்கள். ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. காகிதத்தைப் பார்த்த மறுநாள் உங்கள் கத்திரியை பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, கைக்கு உறை மாட்டிக்கொண்டு உங்களிடம் நீட்டினார்கள். துணியில் ரத்தம் பட்டுவிட்டால் என்ன ஆவது என்றாராம் மேனேஜர். மிஷின் கத்தி ஓட்டும்போது போட இரும்பு வலைக் கையுறை கொடுத்தது அதே கம்பெனிதானே? அது எதற்கு, அழகுக்கா?

வேலையை விட்டும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நாலு பேரிடம் போய் நியாயம் கேட்டிருக்கலாம். ஆபீஸ் வாசலில் கண்ணாடி அறை, ஒரு நாற்காலி, ஒரு பூந்தொட்டி, நலத் தூதர் என்ற பலகை. வேலை ஒன்றும் கிடையாது, சம்பளம் மட்டும் முழுசாக. கொடுத்துவைத்தவர், சும்மா உட்காரவைத்துச் சோறு போடுகிறார்கள் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னிடம் சொன்னார்கள். அந்தச் சும்மா உங்களைத் தின்றதை நான்தான் பார்த்தேன். முன்பெல்லாம் சாயங்காலம் சட்டை முழுக்க நூல் ஒட்டிக்கொண்டு வருவீர்கள், நான் பிய்த்துப் போடுவேன். நாற்காலிக்குப் போன பிறகு சட்டை காலையில் இஸ்திரி போட்டது போலவே திரும்பி வந்தது. நீங்கள் பேசுவது குறைந்தது. பிறகு தூக்கம் போனது. பிறகு மகள் கணக்குப் போடக் கூப்பிட்டாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்.

அப்புறம் அந்த அரவணைப்பு நாள். இரண்டு வரிசையாக ஆட்களை நிறுத்தி, மைக்கில் பாட்டுப் போட்டு, ஒவ்வொருவராக வந்து உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று உத்தரவு. "புடிக்காதவங்களுக்குச் சம்பளம் கட்டுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரும்மா. மூச்சை அடக்கிக்கிட்டு ஓடி வந்து புடிச்சுட்டு ஓடினாங்க. முடிஞ்சதும் பாத்ரூம்ல சோப்பு தீந்துபோச்சு" என்று சொல்லி நம்பர் ஒட்டும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அன்று மத்தியானம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள் இல்லையாம்.

இதற்கு ஏன் சம்மதித்தீர்கள் என்பதும் தெரிந்துவிட்டது. படம் எடுக்க ஒத்துக்கொண்டால் பழைய மேஜை திரும்பக் கிடைக்கும் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்தார். முகத்தைக் கொடுத்தீர்கள். மறுநாள் மேஜையைக் கேட்டதற்கு, "அடுத்த சீசன் பாக்கலாம் மாஸ்டர். இப்ப உங்க முகம்தான் எங்களுக்கு வேலை செய்யுது" என்றாராம். அந்த வாயை எந்தச் சோப்பால் கழுவுவது?

வெளிப்படையாகவே எழுதுகிறேன், எனக்கு அருவருப்பாக இருக்கிறது. உங்கள் நோயைச் சொல்லவில்லை. அது நமக்குள் என்றைக்கோ பேசித் தீர்ந்தது. வருடா வருடம் நானும் சோதித்துக்கொள்கிறேன், எனக்கு இல்லை, மகளுக்கும் இல்லை. அருவருப்பு அந்த நாற்காலியைப் பார்த்து. கொஞ்சம் உங்களைப் பார்த்தும்தான். எட்டு மாதம் அதில் உட்கார்ந்தீர்களே.

உங்கள் அம்மா மட்டும் குறைச்சலா? உங்கள் டம்ளருக்கு அடியில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள், யாரும் மாற்றி எடுத்துவிடக் கூடாதாம். நேற்றுத்தான் கண்ணில் பட்டது. வீட்டில் இருந்த அத்தனை டம்ளருக்கும் புள்ளி வைத்துவிட்டேன். காலையில் அத்தை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கையைக் குவித்துத் தண்ணீர் குடித்தார்கள்.

மாத்திரையைப் போட்டதாக ஒரு வார்த்தை சொல்லியனுப்பவும்.

கோபம் குறையாத,
உங்கள் வீட்டுக்காரி


வியாழக்கிழமை

மாஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் சீட்டு கிடைத்தது. "என்னை எதிர்பார்க்காதே. நான் வேலைக்கு ஆகாதவன். சம்பளம் வரும், வாங்கிக்கொள்." இதை எழுத ஒரு பேனா, ஒரு காகிதம் வேறு. மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கக்கூட அதில் இடமில்லையா? மாத்திரை போடுகிறீர்கள் என்று லாரி அண்ணன் சொன்னார். அதற்காக மட்டும் இந்தச் சீட்டைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. கம்பெனி வாசலில் உங்கள் படத்தை பேனராகக் கட்டிவிட்டார்கள். மேனேஜர் உங்களைக் கட்டிப்பிடித்திருக்கிறார், அவர் தோளுக்கு மேல் உங்கள் முகம் தெரிகிறது. கீழே, "இந்த நோயாளியை நாங்கள் அரவணைத்தோம்." அரவணைப்பின் லட்சணத்தைக் கேளுங்கள். அவருடைய இரண்டு கையும் உங்கள் முதுகில் படவில்லை, விரலைத் தூக்கி வைத்திருக்கிறார். நடுவே ஒரு சாண் வெளிச்சம் தெரிகிறது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்!

நான் வேலை பார்க்கும் பள்ளி வேன் அந்த வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். காலையில் பிள்ளைகளை எண்ணி ஏற்றிக்கொண்டு போகிறேன், முன் சீட்டில் இருந்த பொடிசு, "ஆன்ட்டி, அது உங்க வீட்டு அங்கிள்தானே? ஏன் அழுறாரு?" என்று கேட்டது. படத்தில் நீங்கள் அழவில்லை. ஆனால் குழந்தைக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. நம் மகள் ஜன்னல் பக்கம் இருந்து எழுந்து அடுத்த பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலமும் அதே பக்கம்தான் உட்கார்ந்தாள்.

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே போனேன். கையில் உங்கள் கத்திரி. வாட்ச்மேன் என்னைப் பார்த்தார், கத்திரியைப் பார்த்தார், "நான் டீ குடிக்கப் போறேன்மா, ஏணி அந்தப் பக்கம் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏறிக் கயிற்றை வெட்டினேன். கயிறோடு நிறுத்தியிருக்கலாம். ஆத்திரத்தில் பேனரில் உங்கள் முகம் இருந்த இடத்தை விட்டுவிட்டு மேனேஜரையும் கீறு கீறாக வெட்டித் தள்ளினேன். துணி வெட்டும் கத்திரியால் காகிதத்தைத் தொட்டாலே ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பீர்கள். நான் பிளாஸ்டிக்கை வெட்டியிருக்கிறேன். முனை போய்விட்டது. மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

சத்தம் கேட்டு உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார், உட்காருங்கள் என்று எங்கே உட்காரவைத்தார்கள் தெரியுமா? உங்கள் நாற்காலியில்.

உட்கார்ந்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கண்ணை இழுத்துக்கொண்டார்கள். உள்ளே மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, எல்லோருக்கும் கையில் வேலை இருக்கிறது. என் கை தானாக எதையோ தேடியது. தொட்டிச் செடியில் காய்ந்த இலை இருந்தால் கிள்ளலாம் என்று தொட்டேன். செடி பிளாஸ்டிக். கொஞ்ச நேரத்தில் மடியில் கிடந்த என் இரண்டு கையும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி தெரிந்தது. போன கடிதத்தில் எட்டு மாதம் உட்கார்ந்தீர்களே என்று எழுதினேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். எட்டு மாதம் எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

மேனேஜர் வந்தார். பேனருக்காகக் கோபப்படுவார் என்று பார்த்தால், சிரிக்கிறார். அதுதான் இன்னும் அருவருப்பு. "அவர் எங்க பெருமைம்மா" என்கிறார். அடுத்த மாதம் வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்களாம், நீங்கள் மேடையில் ஏறி இரண்டு வார்த்தை பேசினால் போதுமாம், நாற்காலி நிரந்தரமாம். மேஜையைக் கொடுங்கள் என்றேன். "எனக்கு ஆட்சேபனையே இல்ல. ஒர்க்கர்ஸ் ஒத்துக்க மாட்டாங்களே" என்று கையை விரித்தார்.

விடுவேனா? மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் கட்டிங் பக்கம் போய் நின்று, நீங்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லையா என்று எல்லோரிடமும் கேட்டேன். மேஜையில் துணி விரிக்கிறவர்தான் பதில் சொன்னார். "எங்களை யாரும்மா கேட்டாங்க? கேட்டிருந்தா பயமா இருக்குன்னு சொல்லியிருப்போம். ஒரு டாக்டரைக் கூட்டிட்டு வந்து பக்கத்துல நின்னு வேலை செஞ்சா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லியிருந்தா புரிஞ்சுக்கிட்டிருப்போம். எடுத்த எடுப்புல போய்க் கட்டிப்புடின்னா என்னம்மா பண்றது? எங்களுக்கும் கூசுச்சு, மாஸ்டருக்கும் கூசுச்சு" என்றார். அந்த இடத்தில் நான் கேட்ட முதல் உண்மை அது. அதற்குள் செக்யூரிட்டி வந்து என்னைப் போகச் சொன்னார். மேஜை கிடைக்கவில்லை. அங்கே இனி கிடைக்காது.

திரும்பும் வழியில் உங்களுக்கு மாத்திரை கொடுக்கும் கிளினிக்குக்குப் போய் நர்ஸம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கம்பெனிக்காரர்கள் கண்ணை மூடி மூச்சு விடச் சொல்லித்தர ஓர் ஆளைக் கூட்டிவந்தார்களே, அது போல ஏதாவது சொன்னால் எழுந்து வந்துவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். நர்ஸம்மாவோ, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, சாவதைப் பற்றிப் பேசினாரா என்று ஒன்றொன்றாகக் கேட்டார். நீங்கள் மாத்திரை டப்பாவை விட்டுப் போனதைச் சொன்னேன். "தைரியமா இருங்கன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லாதீங்கம்மா. வாரக்கணக்கா மனசு எழுந்திருக்காம கிடந்தா அதுவும் வியாதிதான். அதுக்கு மருந்தும் இருக்கு, பேச ஆளும் இருக்கு" என்றார். இந்த வியாதி இருக்கிறவர்களுக்கு அது அடிக்கடி வருமாம், கையில் வேலை போனால் இன்னும் வேகமாக வருமாம். நீங்கள் இருக்கும் ஊர் ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டிய டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். உள்ளே வைத்திருக்கிறேன். லாரி அண்ணன் கூட வருவார். ஒரே ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள், அதற்கும் அவர்கள் பழகியவர்கள்தானாம்.

மகள் நன்றாகப் படிக்கிறாள். நீங்கள் கேட்காததால் நானே எழுதுகிறேன்.

உங்கள் பதிலை, அது எத்தனை கேவலமாக இருந்தாலும், எதிர்பார்க்கும்
வீட்டுக்காரி


புதன்கிழமை

அன்புள்ள மாஸ்டர் அவர்களுக்கு,

லாரி அண்ணன் நேற்று வந்து போனார். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களாமே. டாக்டர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு இருந்துவிட்டு, கிளம்பும்போது ஜன்னல் திரையைக் காட்டி, "இதை வெட்டினது யாரு? ஒரு பக்கம் இறக்கம்" என்று கேட்டீர்களாம். அதை அவர் ஒரு குறை போலச் சொன்னார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு வைத்துக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். மாதக்கணக்கில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி அது. அடுத்த தடவையும் போங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும் என்று நர்ஸம்மா சொன்னார், இரண்டு நாளில் ஒன்றும் ஆகவில்லை என்று எறிந்துவிடாதீர்கள்.

அந்தத் திரைதான் என்னை இன்று காலை தெருவுக்கு அனுப்பியது. துணி வெட்ட ஆள் வேண்டும் என்று பலகை மாட்டியிருக்கும் இடமெல்லாம் ஏறி இறங்கினேன். முதல் கடையில் பேனரில் பார்த்த முகம் என்றதும் நாற்காலியை ஓரடி பின்னால் தள்ளிக்கொண்டார்கள். இரண்டாவது கடையில், ஐயோ பாவம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாட்ச்மேன் வேலை தருகிறோம், நிழலில் உட்கார்ந்திருக்கலாம் என்றார்கள். தள்ளிப் போனவரையாவது மன்னிப்பேன். கண்ணைத் துடைத்தவரைத்தான் மன்னிக்க முடியவில்லை. உட்கார வைக்கிறதிலேயே இவர்களுக்கெல்லாம் என்ன ஆசை?

மூன்றாவது, பள்ளி யூனிஃபார்ம் தைக்கும் இடம். என் வேன் பிள்ளைகள் போடுவதும் அங்கே தைத்ததுதான். ஷட்டர் போட்ட ஹால், நாலு தையல் மிஷின், நடுவில் வெட்டும் மேஜை. நடத்துகிற அம்மா வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே பேசுகிறவர். நான் உங்கள் நோயைப் பற்றித் தொடங்கினேன். குண்டூசியை எடுத்தார். "பேனரைப் பாத்தேன். நோயைப் பத்தி என்கிட்ட சொல்லாத, நான் டாக்டர் இல்ல. கோடு நேராப் போகுமா, அதைச் சொல்லு" என்றார். போகும் என்றேன். "கை நடுங்குதா?" இல்லை என்றேன். உங்களை நான் பார்த்து நாளாகிவிட்டது, ஆனாலும் இல்லை என்றேன்.

அங்கே வேலை செய்கிறவர்களை என் எதிரிலேயே கூப்பிட்டுக் கேட்டார். இரண்டு பேர் தோளைக் குலுக்கினார்கள். பட்டன் வைக்கிற பெண் பயமாக இருக்கிறது என்றாள். "பயமா இருந்தா பக்கத்துத் தெருவுல கிளினிக் இருக்கு, மத்தியானம் போய்க் கேட்டுட்டு வா, உன் டவுட்டை இங்க வெச்சுக்காத" என்றார். அந்தப் பெண்ணுக்கு வழி சொல்லி நம் நர்ஸம்மாவிடம் அனுப்பியிருக்கிறேன்.

பிறகு உங்கள் உயரத்தைக் கேட்டார். எதற்கு என்றேன். மேஜை தணிவாக இருக்கிறதாம், குனிந்து வெட்டினால் இடுப்புப் போய்விடுமாம், காலுக்குக் கீழே கட்டை கொடுத்து ஏற்ற வேண்டுமாம். இந்த எட்டு மாதத்தில் உங்கள் ரத்தத்தைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. உங்கள் இடுப்பைப் பற்றிக் கேட்டது அந்த அம்மா ஒருவர்தான். கையால் காட்டினேன், என் தலைக்கு மேல் இவ்வளவு என்று. காட்டிய கையைக் கீழே இறக்க முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

இன்னொன்றும் சொன்னார், ஒளிக்காமல் எழுதுகிறேன். "துணி வீணாச்சுன்னா கத்துவேன். எல்லார் மேலயும் கத்துவேன், அவருக்குன்னு தனிச் சலுகை கிடையாது. மனசு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா முதல் நாளே சொல்லிட்டுப் போகட்டும், சொல்லாம நின்னா அதுக்கும் கத்துவேன். அடுத்த வருஷ யூனிஃபார்ம் ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு. திங்கட்கிழமை வரைக்கும் மேஜையைக் காலியா வெப்பேன். அப்புறம் வேற ஆள்" என்றார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன், குண்டூசியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். பாட்டு இல்லை, பேனர் இல்லை, கட்டிப்பிடிக்கவில்லை.

வருவார் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. உங்கள் மேஜைக்கு உங்களைத் தவிர யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. உங்களால் இன்னும் எழுந்து நிற்க முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன். பிறகு இன்னொரு மேஜை தேடுவேன். எனக்குத் தெரு ஒன்றும் அலுத்துவிடவில்லை. நீங்கள் மட்டும் தேடுகிற இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

லாரி அண்ணன் ஞாயிறு காலை அங்கிருந்து கிளம்புகிறார். அவர் பக்கத்து சீட் காலிதான். வீட்டில் யாரும் உங்களுக்காக அழப் போவதில்லை, அத்தையிடமும் சொல்லி வைத்துவிட்டேன்.

நூறு வருடம் நன்றாக இருங்கள். திங்கட்கிழமை வந்து, எல்லோரையும் போல, அந்த அம்மாவிடம் திட்டு வாங்குங்கள்.

உங்கள் வீட்டுக்காரி